அமெச்சூர் வானொலி ஆண்டெனாவுக்கு மின்னல் தடுப்பான்: இராயபுரம் மாடியிலிருந்து ஒரு மதிப்பீடு

கோஆக்சியல் கேபிளின் நடுவே பொருத்தும், வாயுக் குழாய் வைத்த சிறிய மின்னல் தடுப்பான் ஒன்றையும், அதற்கு எர்த் அமைத்துக் கொடுத்த தண்டையார்பேட்டை மின் ஒப்பந்தக்காரர் ஒருவரின் வேலையையும் இங்கே சேர்த்தே மதிப்பிடுகிறேன். தடுப்பான் எவ்வளவு தரமானதாக இருந்தாலும், அதன் உடலிலிருந்து கிளம்பும் எர்த் கம்பி எங்கே போய் முடிகிறது என்பதைப் பொறுத்தே அது பயன்படும் என்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றி எழுதுவதில் பொருளில்லை. இணைய விற்பனைத் தளங்களில் இந்தப் பொருளுக்குக் குவிந்திருக்கும் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை, உறை பிரித்த அன்றே, பளபளப்பைப் பார்த்துக் கொடுக்கப்பட்டவை போலத் தோன்றுகின்றன. ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் கடற்காற்றில் கழித்த பிறகு அது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்வது வடசென்னையில் மாடியில் ஆண்டெனா வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக உதவும்.

தயாரிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஒரே உலோக உடல் பல பெயர்களில் விற்கப்படுவதால் பெயரைச் சொல்வதால் வாங்குபவருக்குப் பயனுமில்லை. இரு முனைகளிலும் பிஎல்-259 இணைப்பிக்கான பெண் முனைகள், பக்கவாட்டில் திருகிக் கழற்றக்கூடிய மூடி, மூடிக்குள் விரல்நுனி அளவுள்ள வாயுக் குழாய், அடியில் எர்த் கம்பிக்கான திருகாணி ஆகியவை கொண்ட வகை அது. விலை ஆயிரத்துக்கும் இரண்டாயிரத்துக்கும் இடையில். பெட்டியின்மேல் "400 வாட், நேர்மின்சாரம் முதல் 1,000 மெகா ஹெர்ட்ஸ் வரை" என்று அச்சிடப்பட்டிருந்தது. குழாயின் வோல்ட் அளவு மட்டும் எங்கும் இல்லை. வாங்குபவருக்கு முதன்மையாகத் தெரிய வேண்டிய எண்ணே அதுதான் என்பதால், இதை நான் பெரிய குறையாகவே கொள்கிறேன்.

இந்தக் குழாய்க்குள் மந்த வாயு அடைக்கப்பட்டு, இரண்டு மின்முனைகள் சிறு இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. சாதாரண நேரங்களில் அது திறந்த சுற்றுதான். மின்தேக்குதிறன் ஏறக்குறைய ஒரு பைக்கோ ஃபாரட் மட்டுமே என்பதால் வானொலி அலைகளுக்கு அது இருப்பதே தெரியாது. கேபிளின் நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையே வோல்ட் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது வாயு அயனியாகி, குழாய் ஏறத்தாழ நேரடி இணைப்பாக மாறி, மின்னோட்டத்தை எர்த் பக்கம் திருப்பிவிடுகிறது. இப்போது கணக்கைப் பார்க்கலாம். 50 ஓம் கேபிளில் 100 வாட் அனுப்பும்போது உச்ச வோல்ட் 100 ஆகும். ஆண்டெனா பொருந்தாமல் நிலையலை விகிதம் (அந்தப் பொருத்தமின்மையின் அளவு) 3 வரை ஏறியிருந்தால் கேபிளின் சில இடங்களில் அது 170 வரை போகலாம். ஆகவே 90 வோல்ட் குழாய் வைத்த தடுப்பானை 100 வாட் நிலையத்தில் பொருத்தினால், மின்னலுக்கு முன்பே நம்முடைய சொந்த ஒலிபரப்பே அதைப் பற்றவைத்துவிடும். பற்றிய குழாயை நம் அலைபரப்பியின் ஆற்றலே அணையவிடாமல் சுட்டுக்கொண்டிருக்கும். 230 வோல்ட் குழாய் 100 வாட்டுக்குப் போதும். இக்குழாய்களின் அளவில் இருபது சதவீதம் ஏற்றத்தாழ்வு வழக்கமானது என்பதால், பெருக்கி வைத்து 400 வாட் அனுப்புபவர்கள் 350 வோல்ட்டோ அதற்கு மேலோ தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெட்டி சொல்லாததை மெகர் (உயர் வோல்ட் கொடுத்து மின்காப்பை அளக்கும் கருவி) சொன்னது. தடுப்பானை இரு பக்கமும் கழற்றி மேசைமேல் வைத்து, நடுமுனைக்கும் உடலுக்கும் இடையே 250 வோல்ட் கொடுத்தபோது அளவி முடிவிலியைக் காட்டியது. 500 வோல்ட்டுக்கு மாற்றியதும் முள் சடாரென்று இறங்கியது. எனவே உள்ளே இருப்பது 350 வோல்ட் வகையைச் சேர்ந்த, உயிருள்ள குழாய். இந்தச் சோதனையை இப்பொருளை வாங்கும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டும் என்பேன். ஏனெனில் குழாயே இல்லாத வெறும் மூடியோடு வந்தாலும், அல்லது குழாய் உடைந்திருந்தாலும், வானொலி வழக்கம்போலவே இயங்கும், நமக்கு எதுவும் தெரியாது. வானொலிப் பெட்டியோடு இணைந்திருக்கும்போது மெகரைச் சுழற்றக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன்.

அலை கடத்துவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலை கடத்தலை அளக்கும் நானோ விஎன்ஏ கருவியில் பார்த்தபோது 7 மெகா ஹெர்ட்ஸில் தடுப்பான் இருப்பதற்கும் இல்லாததற்கும் வேறுபாடு தெரியவில்லை. 145 மெகா ஹெர்ட்ஸில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. 435 மெகா ஹெர்ட்ஸில் வளைகோடு தெளிவாகக் கெடுகிறது. இது குழாயின் பிழையைவிட, அந்த வகை இணைப்பியின் இயல்பு. 435-இல் தீவிரமாக இயங்குபவர்கள் 'என்' (N) வகை இணைப்பி வைத்ததை வாங்க வேண்டும்.

பெட்டிக்குள் இலவசமாக ஒன்றரை மீட்டர் பச்சை வயரும் ஒரு வளைய லக்கும் இருந்தன. காலிங் பெல்லுக்கு இழுக்கும் வயரைவிடச் சற்றே தடிமன். அதை வெளியில் எடுத்து வைத்துவிட்டுத்தான் இந்தப் பொருளைப் பற்றி நியாயமாகப் பேச முடியும். நேரான கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஹென்றி தூண்டல் உண்டு. மின்னல் போன்ற வேகமான ஓட்டத்துக்குக் கம்பியின் ஓம் தடையைவிட இந்தத் தூண்டலே பெரிய தடை. அக்கம்பக்கத்தில் விழுந்த மின்னலால் கேபிளில் தூண்டப்பட்டு, ஒரு மைக்ரோ விநாடிக்குள் 1,000 ஆம்பியருக்கு ஏறும் ஓர் அலையை எடுத்துக்கொண்டால், அந்த ஒன்றரை மீட்டர் வயரின் குறுக்கே மட்டும் 1,500 வோல்ட் நிற்கும். குழாய் ஒழுங்காகப் பற்றிக்கொண்டு தன் பங்கைச் செய்திருந்தாலும், தடுப்பானின் உடலே 1,500 வோல்ட்டுக்கு உயர்ந்துவிட, அதே அளவு கேபிளின் வெளிப்பின்னல் வழியே அறைக்குள் வந்து நிற்கும். இத்தனைக்கும் இது நேரடியாக விழாத மின்னலின் கணக்கு. வயரை விற்பனையாளர் கொடுக்காமலே இருந்திருக்கலாம். கொடுத்திருப்பதால் பலர் அதையே ஜன்னல் கிரில்லில் சுற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

நேரடியாக விழும் மின்னலை இந்தத் தடுப்பான் தாங்குமா என்றால், தாங்காது. முதல் தாக்கத்தின் உச்ச ஓட்டம் நடுத்தரமாக 30,000 ஆம்பியர். இந்த அளவுக் குழாய்களுக்குச் சொல்லப்படும் 5,000 அல்லது 10,000 ஆம்பியர் என்பது 8/20 மைக்ரோ விநாடி (8-இல் உச்சத்தை எட்டி, 20-இல் பாதியாகும்) அலைவடிவத்துக்கு உரியது. நேரடி மின்னலைப் போலச் செய்ய ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தும் 10/350 அலைவடிவம், அதே உச்ச ஓட்டத்திலும் இருபது மடங்குக்கு மேல் மின்னூட்டத்தைச் சுமக்கிறது. குழாய் வெடித்துத் தெறிக்கும். அதோடு கேபிளும் போகும். பெட்டியின்மேல் மின்னல் கோபுரத்தைத் தாக்குவதுபோல் படம் போட்டிருப்பது வாங்குபவரைத் தவறாக வழிநடத்துகிறது.

ஆனாலும் இதை வாங்க வேண்டும் என்றே சொல்கிறேன். அதற்கு எளிய கணக்கு ஒன்று போதும். என் வீடு தெருமட்டத்திலிருந்து 7 மீட்டர் உயரம், அதன்மேல் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க் கம்பம் 6 மீட்டர், ஆக 13. மின்னல் காப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 62305-இன்படி, உயரத்தைப்போல் மூன்று மடங்கை ஆரமாக வைத்து வட்டம் போட்டால், நேரடித் தாக்கத்துக்குரிய பரப்பு ஏறக்குறைய 4,800 சதுர மீட்டர் வருகிறது. ஒரு சதுர கிலோமீட்டரில் ஆண்டுக்கு 5 மின்னல் விழுவதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், என் கம்பத்தில் விழுவது நாற்பது ஆண்டுக்கு ஒரு முறை. சுற்றிலும் அதே உயரத்தில் வீடுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் இருப்பதால் அந்த வாய்ப்பும் பாதியாகக் குறையும். ஆனால் அரை கிலோமீட்டர் ஆரத்துக்குள் எங்காவது விழுவது, அதே கணக்கின்படி ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு முறை. 7 மெகா ஹெர்ட்ஸுக்காக மாடியின் இரு மூலைகளுக்கும் இழுத்துக் கட்டிய 20 மீட்டர் இருமுனைக் கம்பி அந்த ஒவ்வொரு முறையும் தூண்டல் ஓட்டத்தைப் பெறுகிறது. நவீன வானொலிப் பெட்டிகளின் முன்சுற்றில் இருக்கும் சிறு டையோடுகளைக் கொல்வது பெரும்பாலும் இந்தப் பக்கத்துவீட்டு மின்னல்தான். அதற்குத்தான் இந்தத் தடுப்பான்.

கம்பம் நட்ட புதிதில் பக்கத்து வீட்டு அம்மா, "தம்பி, நீங்க இதை நட்டதுலேருந்து இடி நம்ம பக்கமே இறங்கிடுமோன்னு பயமா இருக்குப்பா" என்றார். மேற்சொன்ன கணக்கை அவரிடம் விரிக்கவில்லை. கம்பத்திலிருந்து சுவரோரமாகத் தரைக்கு இறங்கும் பட்டையைக் காட்டினேன், அதில் அவர் ஓரளவு சமாதானமானார்.

இனி எர்த் வேலைக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

ஒப்பந்தக்காரர் நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவர்; கைவேலை மிகச் சுத்தம். முதல் நாள் வந்தவுடன் வீட்டின் பழைய எர்த் எப்படி இருக்கிறது என்று பார்க்க, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே பிடித்தார். "சார், எப்படி எரியுது பாருங்க. இதுக்கு மேல எர்த்துக்கு என்ன வேணும்?" என்றார். நம் ஊரில் எர்த்தைச் சோதிக்கும் முறையே பெரும்பாலும் இதுதான். அந்தப் பல்பு எரியும்போது அதன் தடை ஏறக்குறைய 530 ஓம். எர்த்தின் தடை 50 ஓமாக இருந்தாலும் பல்புக்கு 20 வோல்ட் அளவே குறையும், வெளிச்சத்தில் அதைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். 5 ஓம் எர்த்தையும் 50 ஓம் எர்த்தையும் பல்பு ஒரே மாதிரிதான் காட்டும். தவிர, மின்சாரம் ஓடும் கம்பியை எர்த்தோடு சேர்த்துப் பிடிப்பது ஆபத்தானது. எர்த் சரியில்லையென்றால் அந்தக் கணத்தில் வீட்டின் எல்லா உலோக உடல்களும் மின்னேற்றம் பெறும். எர்த் டெஸ்டர் கொண்டுவர வேண்டும் என்று நான் வற்புறுத்தியதை அவர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டு, மறுமுறை வாடகைக்கு எடுத்து வந்தார் என்பதை அவர் பக்கத்துக்குச் சாதகமாகப் பதிவு செய்கிறேன்.

அளப்பதிலும் வடசென்னைக்கே உரிய இடையூறு உண்டு. முறைப்படி அளக்க, மண்ணில் இறக்கிய 3 மீட்டர் எர்த் தண்டிலிருந்து 15 முதல் 30 மீட்டர் தொலைவில் மின்னோட்டம் செலுத்தும் முளையையும், அந்தத் தொலைவில் 62 சதவீதத்தில் வோல்ட் அளக்கும் முளையையும் அடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் இராயபுரத்து வீடுகளில் அந்த நீளத்துக்கு மண் ஏது? வாசலில் சிமெண்ட், தெருவில் தார். விடிகாலையில், வண்டிகள் வருவதற்கு முன், தெருவோரத்தில் மண் தெரிந்த இடங்களாகப் பார்த்து முளையடித்து அளந்தோம். இடமே கிடைக்காதவர்கள் இடுக்கி வகை அளவியைப் பயன்படுத்தலாம். ஆனால் மூடிய சுற்று இருந்தால்தான் அது எண் காட்டும், தனித்து நிற்கும் ஒற்றைத் தண்டை அதனால் அளக்க முடியாது.

பழைய எர்த் குழியைத் தோண்டியபோது ஜிஐ குழாய் பாதிக்கு மேல் அரிக்கப்பட்டிருந்தது. கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டுக் குழாயைப் புதைக்கும் முறை எர்த்திங்குக்கான இந்திய விதிநூலான ஐஎஸ் 3043-இல் காலங்காலமாக இருப்பதுதான். ஆனால் ஏற்கெனவே உவர்நீர் ஊறும் கடலோர மண்ணில் மேலும் உப்பைக் கொட்டுவது குழாயின் ஆயுளைக் குறைப்பதற்கு மட்டுமே உதவுகிறது. இப்பகுதி மண்ணின் நடத்தையைச் சற்று விளக்க வேண்டும். மேலே ஒரு மீட்டருக்குப் பழைய கட்டட இடிபாடு, அதன்கீழ் மணல். காய்ந்த மணல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டவுடன், அந்த நீர் உவர்ப்பாக இருப்பதால், தடை வேகமாக இறங்கிவிடும். எனவே இங்கே தண்டின் ஆழமே முக்கியம். கெமிக்கல் எர்த்திங் என்று பெரிய விலைக்கு விற்கப்படும் குழாய்க்குள் குழாய் வகையை ஒப்பந்தக்காரர் முதலில் பரிந்துரைத்தார். பாறைப் பாங்கான இடங்களில் அதற்குப் பயன் இருக்கலாம், நீர்மட்டத்தைத் தொடக்கூடிய கடலோரத்தில் அதற்குக் கொடுக்கும் பணத்தில் இன்னொரு தண்டை அடித்துவிடலாம்.

அதன்படி 254 மைக்ரான் செம்பு பூசிய, 17.2 மில்லிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட எஃகுத் தண்டுகள் இரண்டை, ஒன்றுக்கொன்று 3 மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் அடித்தார்கள். தண்டுகளை அவற்றின் நீளத்தைவிட நெருக்கமாக அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும், இரண்டாவது தண்டின் செலவு வீணாகும். மண்ணின் தன்தடை 30 ஓம் மீட்டராக இருந்தால் இப்படியொரு தண்டு தனியாக 10 ஓம் அளவுக்கு வரும். 10 ஓம் மீட்டராக இருந்தால் 3 ஓமுக்குச் சற்று மேல். எங்கள் இரண்டு தண்டும் சேர்ந்து கோடையிலேயே 5 ஓமுக்குக் கீழே காட்டின. சந்தையில் 254 மைக்ரான் என்ற பெயரில் மெல்லிய பூச்சுள்ள தண்டுகளும் வருகின்றன. அரத்தால் ஓரத்தில் சிறிது சுரண்டிப் பார்த்தால் எஃகு எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது என்பதைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். தண்டை அடிக்கும் முன் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எங்கே போகின்றன என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். பழைய வீடுகளுக்கு வரைபடம் அவர்கள்தான்.

கருத்து வேறுபாடு வந்தது ஒரே இடத்தில். ஆண்டெனாவுக்கென அடித்த தண்டுகளை வீட்டு மின்சார எர்த்தோடு சேர்க்கக் கூடாது, "இடி கரண்ட் வீட்டு லைன்ல ஏறிடும் சார், ரேடியோவுக்குத் தனி எர்த்தான் சேஃப்டி" என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பல எலக்ட்ரீஷியன்களும், வருத்தத்தோடு சொல்கிறேன், சில மூத்த ஹாம்களும் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) இதையே சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த நம்பிக்கைதான் இந்த விஷயத்தில் மிகவும் ஆபத்தானது. 30,000 ஆம்பியர் 5 ஓம் எர்த்தில் இறங்கும்போது அந்த எர்த் தொலைவிலுள்ள நிலத்தோடு ஒப்பிட 1,50,000 வோல்ட்டுக்கு உயர்கிறது. வீட்டு எர்த் தனியாக நின்றால், அது இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பது எது? ஆண்டெனா கேபிள் ஒரு பக்கமும், மூன்று முள் பிளக் வழியே வீட்டு எர்த் மறுபக்கமும் இணைந்திருக்கும் நம்முடைய வானொலிப் பெட்டிதான். அதன் குமிழ்மேல் நம் கை இருந்தால், நாமும்தான். இரண்டு எர்த்தும் தடித்த கம்பியால் சேர்க்கப்பட்டிருந்தால், இரண்டும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும். வெள்ளத்தில் ஏறும் படகில் இருப்பவருக்குப் படகுக்குள் எதுவும் நகராததைப்போல, பெட்டியின் குறுக்கே வேறுபாடு எழாது. அமெரிக்க மின்விதிகள் ஆண்டெனா எர்த்தை வீட்டு எர்த்தோடு ஏறக்குறைய 13 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியால் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஐஇசி 62305 சம அழுத்தப் பிணைப்புக்கு 16 சதுர மில்லிமீட்டர் கேட்கிறது. நாங்கள் 16 சதுர மில்லிமீட்டர் பச்சைக் கம்பியை வெளிச்சுவர் ஓரமாக, கூர்மையான வளைவுகள் இல்லாமல், மீட்டர் போர்டு வரை கொண்டுபோனோம். நீண்ட பேச்சுக்குப் பிறகு அவர், "வீடு உங்களது, கையெழுத்து உங்களது" என்று சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார். அவர் மனம் மாறியதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலையில் குறை வைக்கவில்லை.

சேர்ப்பதில் உண்மையான ஒரு சிக்கல் உண்டு, அதை அவர் எழுப்பவில்லை. செம்பும் துத்தநாகப் பூச்சும் ஈரமான உவர்மண்ணில் கம்பியால் சேர்ந்தால் மின்கலம் போலாகி, துத்தநாகம் முதலில் கரையும், பிறகு இரும்பு. வீட்டின் பழைய ஜிஐ குழாயை அப்படியே வைத்துக்கொண்டு புதிய செம்புத் தண்டோடு பிணைத்திருந்தால், எஞ்சியிருந்த குழாயும் விரைவில் போயிருக்கும். அதனால் வீட்டு எர்த்தையும் செம்பு பூசிய தண்டாக மாற்றினோம். செலவு கூடியது; ஆனால் அந்தக் குழாய் இருந்த நிலையில் அது ஆண்டெனா இல்லாவிட்டாலும் செய்திருக்க வேண்டிய வேலை.

கம்பத்திலிருந்து 25க்கு 3 மில்லிமீட்டர் செம்புப் பட்டை நேராகத் தண்டுக்கு இறங்குகிறது. கேபிள் கம்பத்தின் அடிவரை இறங்கி, கைப்பிடிச் சுவருக்கு வெளியே தரைத்தளம் வரை வந்து, தண்டுக்கு அருகே பொருத்திய செம்புத் தகட்டில்தான் தடுப்பானைச் சந்திக்கிறது. அங்கிருந்து அறைக்குள் நுழைகிறது. தடுப்பானை மாடியிலோ மேசையின் பின்னாலோ வைத்திருந்தால் எர்த் பாதை பல மீட்டர் நீண்டிருக்கும். இங்கே ஒரு சிறு குறை: தடுப்பானின் உடலுக்குப் பூசியிருந்த வண்ணம் மின்சாரத்தைக் கடத்தவில்லை. தகட்டோடு உட்காரும் பரப்பில் அதைச் சுரண்டி எடுத்த பிறகே நேரடித் தொடர்பு கிடைத்தது. தயாரிப்பாளர் எர்த் திருகாணி ஒன்றையே நம்புகிறார். அகன்ற பரப்புத் தொடர்பே நல்லது.

மின்சார வழியில் வரும் அலைக்கு இந்தத் தடுப்பானால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டு மின்பகிர்வுப் பெட்டியில் (டிபி) இரண்டாம் வகை சர்ஜ் புரொடெக்டர் தனியாக வேண்டும். வீட்டுக்கெனத் தனி எர்த் உள்ள நம் அமைப்பில், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே வேரிஸ்டரும் (வோல்ட் ஏறினால் கடத்தத் தொடங்கும் உறுப்பு), நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வாயுக் குழாயும் வைத்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இணையத்துக்கு வரும் ஃபைபர் மின்சாரம் கடத்தாது என்றாலும், மாடிக்கு மாடி தாவி வரும் அந்தக் கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பி கடத்தும். அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

வேலை நடந்தபோதே ஒருவர் ஸ்ட்ரீமரை (மின்னலை எதிர்கொள்ளக் கம்ப நுனியிலிருந்து மேலெழும் மின்பொறி) முந்தி அனுப்பும் வகை இடிதாங்கிக்கான வண்ணக் கையேட்டைக் கொண்டுவந்து, ஒரே கம்பம் தெரு முழுவதையும் காக்கும் என்றார். ஐஇசி 62305 உலோகத்தின் உண்மையான உயர அகலத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது, உள்ளிருக்கும் மின்னணுச் சுற்றுக்குத் தனி மதிப்பெண் தருவதில்லை. கையேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவும் செய்த பின்பும், இடிமழை நெருங்கும்போது கேபிளைக் கழற்றுவதற்கு நிகரான காப்பு வேறில்லை. அதற்காகத்தான் செம்புத் தகடு வெளியே, கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது: உள்ளே போகும் கேபிளை அங்கேயே கழற்றி, வீட்டுக்கு வெளியிலேயே விட்டுவிடலாம். கழற்றிய முனையைக் கண்ணாடிப் புட்டிக்குள் போட்டு மேசையடியில் வைக்கும் பழைய ஹாம் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வருவதை ஊறுகாய்ப் புட்டியின் சுவர் தடுத்துவிடப் போவதில்லை. கழற்ற வேண்டிய நேரத்தைக் கணிப்பது இங்கே கடினமன்று. தென்மேற்குப் பருவ மாதங்களில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திருவள்ளூர், அரக்கோணம் பக்கம் திரண்டு, மாலையில் கிழக்கே கடலை நோக்கி நகர்கிறது. சென்னைத் துறைமுகப் பகுதியிலுள்ள வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் படத்தில் அது நகர்ந்து வருவதைப் பார்க்கலாம். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் தாமினி செயலியும் மின்னல் நெருங்குவதை அறிவிக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நாட்களிலும் இடி மிகுதி. நவம்பர், டிசம்பர் அடைமழையில் அது குறைவு. தலைக்குமேல் இடித்த பிறகு கழற்றப் போகக் கூடாது. அந்த நேரத்தில் கேபிளைத் தொடுபவர் கேபிளைவிட மலிவானவர் அல்லர்.

ஓராண்டு கடந்தபின் தடுப்பானைக் கழற்றிப் பார்த்ததில், குழாய் நன்றாக இருந்தது, மெகர் பழைய எண்ணையே காட்டியது. வெளித்தோற்றம் அப்படியில்லை. நீர்ப்புகா ரப்பர் நாடா சுற்றிய இணைப்பிகள் புதிது போலிருக்க, சுற்றாமல் விட்ட மூடியின் மரையில் பச்சை படிந்திருந்தது. காசிமேட்டுக் கடற்காற்று எட்டும் தொலைவில் நிக்கல் பூச்சு இவ்வளவுதான் தாங்குகிறது. எர்த் திருகாணி துருப்பிடித்திருந்ததால் அதைத் துருப்பிடிக்காத எஃகாக மாற்றினேன். ஒப்பந்தக்காரர் தண்டின்மேல் மூடியுள்ள ஆய்வுக் குழி வைத்துக் கொடுத்திருந்ததால் இறுக்கிகளைப் பார்க்க முடிந்தது. அவற்றில் ஒன்று தளர்ந்திருந்தது, தொலைபேசியில் சொன்னதும் ஆள் அனுப்பிப் பணம் வாங்காமல் சரிசெய்தார்.

மதிப்பெண் கேட்டால், தடுப்பானுக்கு ஐந்துக்கு மூன்று: குழாய் நல்லது, உடல் சுமார், அட்டைப்பெட்டியின் வாக்குறுதி மோசம். எர்த் வேலைக்கு ஐந்துக்கு நான்கு. அளவி வாங்கி வைத்துக்கொண்டு பல்பை ஓய்வெடுக்க விட்டால் ஐந்தும் தருவேன். தடுப்பானுக்கு ஆனதைப்போல் பல மடங்கு தண்டுக்கும் பட்டைக்கும் கம்பிக்கும் ஆகும் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் குறைவாக இருந்தால் முதலில் பிணைப்புக் கம்பியையும் தண்டையும் போட்டுவிட்டு, தடுப்பான் வரும்வரை கேபிளைக் கழற்றி வைத்தே காலம் தள்ளலாம். வாங்கும்போதே இன்னொரு குழாயையும் சேர்த்து வாங்குங்கள். அதே விட்டம், அதே நீளம், அதே வோல்ட் கொண்ட மாற்றுக் குழாயைத் தேடி நான் ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியும், 90 வோல்ட் வகைதான் எளிதாகக் கிடைத்தது.